சனிக்கிழமைக் கை

இறால் உரிக்கும் கம்பெனி வாசலில், ஷிப்டுக்கு முன்பு, பெண்களுக்கு மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சியை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கிடந்தாலும் கை குளிராது, ஓடு குத்தினாலும் வலிக்காது. வேலை முடிந்ததும் திருப்பித் தருவார்கள்தான். ஆனால் அதற்கான வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். அதனால் பெண்கள் எல்லோரும் சனிக்கிழமை மட்டும் உணர்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே வேலை பார்க்கும் ரெக்ஸலினுக்கு மற்ற நாட்களில் கண்தான் கை. ஆவி பறந்தால் சோறு சூடாக இருக்கிறது, ரத்தம் தெரிந்தால் விரல் வெட்டுப்பட்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மகள் அபிஷா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எம்மா, தலை வலிக்கு."

ரெக்ஸலின் டப்பாவில் சோற்றை அடைத்தபடியே பழக்கத்தில் அவள் நெற்றியில் கை வைத்தாள். சூடு தெரியவில்லை.

"காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்லட்டி. எந்திரி, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் அபிஷாவுக்கு வலிப்பு வந்திருந்தது.

"காலையிலயே காய்ச்சல் கொதிச்சிருக்குமேம்மா. தொட்டுக்கூடப் பாக்கலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தொட்டுப் பாத்துட்டுதான் டாக்டர் அனுப்புனேன்."

டாக்டர் அவளுடைய வெளுத்து ஊறிய விரல்களைப் பார்த்தார்.

அபிஷா இன்னும் கண் திறக்கவில்லை. ரெக்ஸலின் கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்று குனிந்து பார்த்தாள்.