தோழி ஒருத்தி

க்ரோய்ட்ஸ்பெர்க் நூலகத்தின் உயரமான சன்னல்கள் வழியே பெர்லினின் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. பெரிஹான் தன் புத்தகத்திலிருந்து வாசிக்கிறாள். துருக்கியிலிருந்து வந்து பல்பு தொழிற்சாலையில் உழைத்த பெண்களின் கதை அது. கடைசி வரிசையில் மெலாஹத்துக்கு வயிறு எரிகிறது. ஒரே விடுதியறையில் படுத்து, ஒரே இயந்திரத்தில் நின்றவர்கள் இருவரும். இன்று பெரிஹானுக்கு மட்டும் ஒலிபெருக்கி, ரோஜாப்பூக்கள், பச்சைப் பட்டுச் சட்டை. அவள் வாசிக்கிறாள்: "தோழி ஒருத்தி இருந்தாள். புருஷன் அடித்தான். அவனை விட்டுப் போனால் இந்த நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும் என்பதால் பொறுத்துக்கொண்டாள்." கூட்டம் உச்சுக்கொட்டுகிறது. அந்தச் சட்டத்தை மாற்றக் கோரும் மனு கை மாறிக்கொண்டே வருகிறது. பட்ட அடி மெலாஹத்துடையது, கைதட்டல் பெரிஹானுக்கு. மெலாஹத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹாதிஜே மூக்கை உறிஞ்சுகிறாள். "ஐயோ பாவம், யாரு பெத்த பொண்ணோ! இந்நேரம் செத்தே போயிருப்பா, அக்கா."

மெலாஹத் விருட்டென்று எழுகிறாள். "யாருடி செத்தது? குத்துக்கல்லாட்டம் இங்கதானே இருக்கேன்!" தலைகளெல்லாம் திரும்புகின்றன. பெரிஹானின் முகம் வெளுக்கிறது. "உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் பேரை மறைச்சேன், மெலாஹத்." "பேரை மறைச்சே, சரி. அவன் துணிமணியையெல்லாம் பால்கனியிலேர்ந்து நடுத்தெருவுல வீசினேனே, அதை ஏண்டி மறைச்சே?" எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள், சிரிப்பு வரிசை தாண்டிப் பரவுகிறது. பெரிஹான் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுக்கிறாள். மெலாஹத் உட்காரவில்லை. ஒலிபெருக்கியைத் தன் வாய்க்கு நேராக வளைத்து, தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"என் பேரு மெலாஹத்."