மதகு ஆமையின் அறிவிப்பு

ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும் ஆமையின் பொறுப்பு. மழை வருமா என்பது அதற்குத் தெரியாது. தவளைகளின் தோலுக்குத்தான் தெரியும். அவை கத்தினால், கரை உடையாமலிருக்க ஆமை மதகைத் திறந்துவிடும்.

ஒருநாள் வானம் லேசாகக் கறுத்தது. எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லதுதானே என்று, "நாளைக்குப் பெருமழை!" என்று ஆமை அறிவித்தது. வெறும் ஊகம்தான். சற்று நேரத்தில் தவளைகளெல்லாம் தொண்டை கிழியக் கத்தின. தன் கணிப்பு சரிதானென்று பூரித்துப்போன ஆமை, மதகை முழுசாகத் திறந்துவிட்டது.

மழை வரவேயில்லை. மூன்றாம் நாள் மிஞ்சிய சேற்றில் தலைப்பிரட்டைகள் துடித்தன.

"நீங்கதானே அத்தனை பேரும் கத்தினீங்க?" என்று ஆமை சீறியது.

"நீங்க சொன்னீங்க, கத்தினோம்," என்றது தாய்த்தவளை. "என் தோல் காஞ்சுதான் கிடந்துச்சு. ஐயாவே சொல்றாரு, நம்ம தோலுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

ஆமைக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அன்று ஏரி முழுக்கக் கேட்டது தன் குரல்தானா?

துடிக்கும் குஞ்சுகளைப் பார்த்தபடியே தாய்த்தவளை கேட்டது: "இப்பவாச்சும் சொல்லுங்கய்யா, மழை எப்ப வரும்?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் ஓடு போதவில்லை.