வலெட்டாவில் ஒரு நடை

“அண்ணன், போன் எங்கன?”

“ரிப்பேருன்னு அலிமா கொண்டு போயிருக்கா.”

“நாலு நாளாவா? போனை ரிப்பேர் பாக்காகளா, கப்பலை ரிப்பேர் பாக்காகளா?”

ஜாஹிரா பீவி கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அண்ணனைப் பார்க்க வந்தவள் மாதிரி இல்லை, அண்ணன் மருமகளைப் பிடிக்க வந்தவள் மாதிரி நின்றாள்.

முகம்மது இஸ்மாயில் கட்டிலில் சாய்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் தென்காசித் தெருக்களில் நடந்து தபால் கொடுத்தவர். போன வருஷம் சர்க்கரை வியாதியில் வலது காலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் தினமும் நடந்தார். தென்காசியில் இல்லை. மால்டா நாட்டில், வலெட்டா என்ற பழைய துறைமுக ஊரில்.

போனில் எந்த ஊர்த் தெருவும் தெரிகிறதே, அதில்தான். விரலால் தள்ளத் தள்ளத் தெரு நகரும்.

கப்பலில் வேலை பார்த்த மகன் மசூது காட்டிக்கொடுத்தது. “வாப்பா, தெருவைப் படம் எடுக்குத கார் போச்சு. அதுல நானும் விழுந்துட்டேன், பாருங்க!”

ஒரு மூலைக்கடை வாசல். மஞ்சள் சட்டை. கையில் கடித்த ரொட்டி. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.

மறு வருஷம் நடுக்கடலில் மாரடைப்பு. பெட்டியில்தான் வந்தான். அடக்கம் பண்ணி ரெண்டு வருஷம் ஆகிறது.

“இடந்தான் தெரியும்லா அண்ணன்? நேரா அந்தக் கடைக்கே போயிர வேண்டியதுதானே?” என்று ஜாஹிரா ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

“கப்பலை விட்டு எறங்குனவன் நடந்துதானட்டி போயிருப்பான்? நாமளும் நடந்துதான் போவணும்.”

அப்படித்தான் போவார். துறைமுகத்தில் இறங்கி, கோட்டைச் சுவரை ஒட்டி மேலே ஏறி, மரத்தில் கூண்டு அடித்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு, வீட்டு நம்பரை எல்லாம் வாசித்துக்கொண்டு.

“எழுபத்திரெண்டாம் நம்பர் பச்சைக் கதவு. ஒரு வருஷமா பாக்கேன், பூட்டியே கெடக்கு. இவுகளுக்கெல்லாம் தபால் கொண்டு போனா நம்ம பாடு திண்டாட்டம்.”

முக்கால் மணி நேரத்தில் மூலைக்கடை வந்துவிடும். அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்.

இப்போது நாலு நாளாக நடை இல்லை.

“அவனைத் தனியா விட்டுட்டேன்லா ஜாஹிரா.”

“நீங்களா விட்டீக? பிடுங்கிட்டா உங்க மருமவ. முந்தாநாள் ரத வீதியில ஒரு போன் கடையில நிக்கா. நேத்து பஸ் ஸ்டாண்டு கிட்ட இன்னொரு கடை. கையில உங்க போனு. மசூது இருந்தா இப்படிச் சுத்துவாளா?”

“ஏட்டி, வாயை மூடு.”

அலிமா உள்ளே வந்தாள். குற்றாலச் சாரல் பர்தாவெல்லாம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

“வாம்மா. போன் என்னாச்சு?” என்றாள் ஜாஹிரா.

“இன்னும் ரெடியாகல மாமி.”

சொல்லி முடிக்கவில்லை, அவள் பைக்குள் இஸ்மாயிலின் போன் அடித்தது.

ஜாஹிரா சிரித்தாள். “ரிப்பேரான போனு எப்படிட்டி அடிக்கும்?”

அலிமா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இஸ்மாயில் கையை நீட்டினார். “குடும்மா. அஞ்சே நிமிஷம். போயிட்டு உடனே வந்துருதேன்.”

“தர முடியாது மாமா.”

“கேட்டீகளா அண்ணன்? புருஷன் போன பொறவு மாமனாரு இவளுக்கு யாரோ!”

ஜாஹிரா பையைப் பறித்தாள். எவன் என்று பார்த்துவிட வேண்டும். அந்த அசிங்கம் அண்ணன் காதில் விழ வேண்டாம் என்று அடுப்பங்கரைக்குள் போய் எடுத்தாள்.

“அக்கா, கிங்ஸ்லி பேசுதேன், செல் கடை. எனக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் பாத்துட்டேன். திருநெல்வேலியில பெரிய கடையிலயும் கேட்டுட்டேன். அந்தத் தெருவைப் புதுசா படம் எடுத்துப் போட்டுட்டாகக்கா. பழைய தேதிக்குப் போய்ப் பாத்தாலும் அந்தத் தெரு வரல. வாப்பாகிட்ட எப்படிச் சொல்லப்போறீக?”

பின்னாலேயே வந்த அலிமா போனை வாங்கினாள். விரலை வைத்தாள்.

அதே மூலை. கடை அடைத்திருந்தது. வாசலில் வெயில் மட்டும் கிடந்தது.

“நாலு நாளைக்கு முந்தி நாந்தான் முதல்ல பாத்தேன் மாமி” என்றாள் மெதுவாக. “மாமா எந்திரிக்கதுக்கு முந்தி தினமும் நானும் ஒரு நடை போவேன்.”

ஜாஹிரா பறித்த பையை அவளிடமே நீட்டினாள். “ஒரு படம் பிடிச்சு வச்சிருக்கலாம்லாட்டி?”

“தினமும் நிக்கவுகளை யாரு மாமி படம் பிடிச்சு வைப்பா?”

வெளியே கட்டில் கிரீச்சிட்டது.

“ஜாஹிரா, எனக்குக் குடுக்காட்டியும் பரவால்ல. நீயாவது ஒரு எட்டு போய்ப் பாரு. மசூது நிக்கானா?”

அலிமா தலையைக் குனிந்துகொண்டாள். ஜாஹிரா பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கூடம்வரை கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

“நிக்கான் அண்ணன். போன்தான் சரியில்ல. அவன் அங்கனயேதான் நிக்கான்.”