ஆறடி

“ஆறடின்னா ஆறடி, வில்ஃப். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் விடமாட்டேன்!”

இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்த வில்ஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் குழி வெட்டுகிறவர்.

“ஊர்ல எல்லாரும் வாயால சொல்றதுதாம்மா ஆறடி. நாங்க வெட்டுறது நாலரை. ஒருத்தருக்கு அது தாராளம்.”

“ஒருத்தருக்கா? பத்திரத்துல ரெண்டு பேருக்குன்னு இருக்கே!”

மேவிஸ் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து உதறினாள். லீட்ஸ் சந்தையில் நாற்பது வருடம் பாலாடைக்கட்டி விற்றவள். எடையில் அவளை யாரும் ஏய்த்ததில்லை.

“நாளைக்குக் கீழே என் நார்மன். என் நேரம் வந்ததும் மேலே நான். பத்தொன்பது வருஷம் முன்னாடியே, என்கிட்ட மூச்சு விடாம இடம் வாங்கி வெச்சிருக்காரு பாரு! பிறந்த நாளுக்கு ஒரு பூ வாங்கித் தராத மனுஷன். நேத்து அலமாரியில இதைப் பார்த்ததும் அழுதுட்டேன்.”

வில்ஃப் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மண்ணு இறுகிக் கிடக்கும்மா. கீழே தண்ணி வேற ஊறும்.”

“வயசாயிடுச்சுன்னு சொல்லேன். மண்ணு மேல ஏன் பழி போடறே?”

“பேசாம தகனம் பண்ணிடலாமேம்மா. இப்போ எல்லாரும் அதான் பண்றாங்க.”

“வாயைக் கழுவு! நெருப்புன்னா அவருக்கு உயிரே போயிடும். ‘என்னை மட்டும் எரிச்சிடாதே மேவி’ன்னு கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினாரு. வெட்டுப்பா.”

வில்ஃப் வெட்டவில்லை. நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக் காலடி மண்ணில் செருகினார். ஒரு முழம் இறங்கியதும் ‘டொக்’ என்று நின்றது.

“கல்லா?”

“மரம்மா. பெட்டி.” அவர் நிமிரவில்லை. “நீங்க கேக்கிற ஆறடியில பத்தொன்பது வருஷமா ஒரு அம்மா படுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை தவறாம உங்க வீட்டுக்காரர் பூ கொண்டு வருவாரு.”

மேவிஸ் காகிதத்தை நிதானமாக நாலாக மடித்தாள்.

“மிச்சம் எத்தனை இடம்?”

“மேலே ஒண்ணே ஒண்ணு.”

“அது எனக்கு. அவரை எரிச்சிடச் சொல்லு.”