வெள்ளிக்கிழமை ரிக்கார்டு

ரிக்கார்டு நேராகப் பாடியது.

ஜெயராஜ் முள்ளைத் தூக்கினான். கட்டைவிரலால் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் நேராகத்தான் பாடியது.

அந்த இழுப்பைக் காணோம்.

அதைக் கேட்கத்தான் ராமபத்ரன் மெட்ராஸிலிருந்து ரயிலேறி, திருவள்ளூரில் இறங்கி, மணவாள நகருக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்து, தானியேலின் மைக்செட் கடையில் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டல்களில் வாசிக்கும் ஒரு கிதார் கோஷ்டிக்குத் தலைவர் அவர். போன மாதம் ஒரு போட்டியில் ஜெயராஜ் ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டை வாசித்ததைக் கேட்டிருந்தார். வரியின் கடைசியில் சுருதி மெல்லத் தொய்ந்து கீழே போய், மூச்சுப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. அமெரிக்க ரிக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டவருக்கு இப்படி ஒன்று அதுவரை காதில் விழுந்ததே இல்லை. பையன் இதை எங்கே பிடித்தான்? வேறு எதையும் யோசிக்க முடியாமல் போயிற்று அவருக்கு.

ரிக்கார்டில் பிடித்தேன் என்றான் ஜெயராஜ். அப்படியானால் அதை நானும் கேட்கவேண்டும், கேட்டுவிட்டு உன்னையும் பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று கூட்டிப்போகிறேன் என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி, ஜெயராஜ் இன்று காலையில்தான் தொழிற்சாலை வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஆள் கொஞ்சம் அவசரக்குடுக்கை.

சத்தியமாக இதில்தான் இருந்தது என்று இப்போது அவரிடம் சொன்னான். மூர் மார்க்கெட்டில் வாங்கியது, பாடியவர் பெயர்கூடக் கிழிந்துபோயிருக்கிறது, ஷிப்டு முடிந்து தினமும் இங்கே வந்து இதைக் கேட்டுத்தான் பழகினேன் என்றான். பெரிய மனிதரிடம் பொய்யனாகிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ராமபத்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து சாலிடர் பற்றவைத்துக்கொண்டிருந்த தானியேல், தலையைத் தூக்காமலே மருமகன் ஜெயராஜிடம் சொன்னார்.

“இன்னிக்கு வெள்ளிக்கெழமடா. பக்கத்து சடையப்பன் ரைஸ் மில்லுக்கு லீவு. அவுரு நெல்லு கொட்டுனாத்தான கரண்டு படுத்துக்கும், ரிக்கார்டும் இழுக்கும். நீ அதயும் பாட்டுன்னு நெனச்சிக்கினியா?”

ஜெயராஜ் குனிந்து பார்த்தான்; ரிக்கார்டு வேகம் குறையாமல் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தெரிந்த சினிமாப் பாட்டு தொய்ந்தால் கரண்டைத் திட்டுவார்கள். இது யாருக்கும் தெரியாத பாட்டு, அதுவும் அழுகிற பாட்டு. அழுகிறவர் குரல் தொய்ந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? வெள்ளிக்கிழமைகளில் செட் முகூர்த்தத்துக்கோ கோயிலுக்கோ வாடகைக்குப் போய்விடும். புரட்டாசி பிறந்து கல்யாணங்கள் நின்றதால்தான் இன்று கடையில் கிடந்தது. ஒரு வருஷமாகக் கேட்ட ரிக்கார்டை ஜெயராஜ் இன்றுதான் முதல்முறையாகச் சரியாகக் கேட்டிருக்கிறான்.

கிதாரை எடுத்துக்கொண்டான். இப்போதே திருத்திக்கொள்கிறேன் சார், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றான்.

ரிக்கார்டு ஓடியது. கூடவே வாசித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, நேராக, மிக நேராக வாசித்தான். வரியின் கடைசி வந்தது. ரிக்கார்டு அசையாமல் நின்றது. அவன் விரல் மட்டும் கம்பியோடு சரிந்து கீழே போய்விட்டது.

அடுத்த வரியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் இன்னும் மோசம். அவன் கண் கலங்கிவிட்டது. இனி இவரோடு ஊர் ஊராகவும் போக முடியாது, வேலைக்கும் திரும்ப முடியாது.

ராமபத்ரன் எழுந்து வந்து முள்ளைத் தூக்கிவிட்டார். பாடகர் பாதி வார்த்தையில் நின்றார். நீ நிறுத்தாதே என்று ஜெயராஜுக்குக் கையால் ஜாடை காட்டினார்.

அவன் தனியாக வாசித்து முடித்தான். நியாயமாகச் சொன்னால், ரிக்கார்டைவிட அதுதான் நன்றாக இருந்தது. தானியேல்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

திங்கட்கிழமை ராத்திரி சென்ட்ரலுக்குப் பெட்டியோடு வந்துவிடு, திருத்துகிற வேலையெல்லாம் வேண்டாம் என்றார் ராமபத்ரன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். கச்சேரி செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். கிதார் கோஷ்டியானாலும் மேடையில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தும்போது குருவின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். உனக்கு யார் பெயரைச் சொல்லட்டும் என்று கேட்டார்.

ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“சடையப்பன், சார்.”

ராமபத்ரன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, பெயருக்கு முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ போட்டு எழுதிக்கொண்டார்.