புது வெர்ஷன்

பாங்காக்கே சொந்த ஊருக்குக் கிளம்பும் சோங்கிரான் பண்டிகைக்கு, பஸ் டிக்கெட் விற்பனை நாளைக் காலை தொடங்குகிறது. சர்வரோ மூன்று மாதமாக நினைத்த நேரத்தில் படுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே வரி: ‘ஏதோ தவறு நடந்துவிட்டது.’ புரோகிராமர் வீரயுத்துக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“சாஃப்ட்வேரை வித்த கம்பெனியிலேருந்தே நிபுணர் வர்றார் தம்பி,” என்றாள் மேலாளர் சுபாபோன். “அதுக்குள்ள, சாமிக்கு வெச்ச அந்தச் சிவப்பு சோடாவை எடுத்துடு. வெள்ளைக்காரன் பார்த்தா மானம் போயிடும்.”

“சரிக்கா.”

சர்வருக்கு முன்னால் ஸ்ட்ராவோடு நின்ற பாட்டிலை எடுத்து மேசைக்கடியில் ஒளித்துவைத்தான்.

நிபுணர் கிரேக் வந்தார். அரை நாள் தட்டிப் பார்த்தார்.

“ரீஸ்டார்ட் பண்ணீங்களா?”

“தினமும் பண்றேன் சார்.”

“புது வெர்ஷன்?”

“நீங்க சொன்னீங்கன்னு போன மாசமே போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம்.” வீரயுத்தின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “என்ன கோளாறுன்னு உங்களுக்காவது தெரியுதா சார்?”

கிரேக் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு சோடாவை எடுத்தார். மூடியைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு, சர்வருக்கு முன்னால் பயபக்தியோடு வைத்தார்.

“பழைய வெர்ஷனுக்கு ஒண்ணு போதும்,” என்றார் கிரேக், தணிந்த குரலில். “புதுசுக்கு ரெண்டு வைக்கணும்னு எங்க ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அவசரத்துல இன்னொண்ணு வாங்க மறந்துட்டேன்.”

வீரயுத் மேசைக்கடியில் குனிந்தான்.