சஜ்தாவின் நீளம்

மறுநாள் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டிய செய்தூன் பீவி, தன் வீட்டில் பிற்பகல் தொழுகையான அசர் தொழுதுகொண்டிருந்தபோது, அசனார் உள்ளே வந்துவிட்டான். அவன் அண்ணன் லாரியை ஓர் ஆள்மேல் ஏற்றியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"முடிச்சிட்டே வாங்க மாமி, ஒரு வார்த்தைதான். அருவா இன்னும் உறையிலதான் இருக்கு."

தொழுபவர் பேசக்கூடாது, திரும்பக்கூடாது. அவருக்கு முன்னால் குறுக்கே நடப்பதும் பாவம். அது தெரிந்தவன் என்பதால் பின்னாலேயே காத்து நின்றான். நின்று ஓத அவளுக்குத் தெரிந்தவை குர்ஆனின் சின்ன சூராக்கள்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். அதிலேயே கிடந்தாள். 'யா அல்லாஹ், என்னால ஆகாது, நீ பாத்துக்க' என்பதற்குமேல் கேட்க எதுவும் வரவில்லை. முட்டி மரத்துப்போயிற்று.

"என்ன மாமி, தூங்கிட்டீங்களா?"

எழுந்து அமர்ந்தாள். முடிக்கும்போது முகத்தை முதலில் வலப்பக்கம் திருப்பி, அங்கிருப்பவர்மேல் சாந்தி வேண்டி ஸலாம் சொல்லவேண்டும். அவன் இப்போது அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்."

"வ அலைக்கும்..." என்று பழக்கத்தில் பதில் ஸலாம் தொடங்கிய அவன் வாய் பாதியில் நின்றது.

அடுத்து இடப்பக்கம் சொல்லவேண்டும், அதோடு தொழுகை முடிந்துவிடும். அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை.